வறண்ட நாட்களிலும் உட்காரு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம். உன் முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது, சில நாள் என்னை அவள் தம்பி என்று நினைத்துப் பேசுகிறாள். உடம்பு பரவாயில்லை.

சரி, நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் முடிந்துவிட்டது, இனி எதற்காக எழுந்திருப்பது என்று காலையில் தோன்றுகிறது, தியானத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை, எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். முதலில் ஒன்று. அந்தக் கேள்வி வந்ததற்காக நீ பயப்படவே வேண்டாம். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய்க்கு ஐம்பது வயதை ஒட்டி இதே கேள்வி வந்தது. உலகப் புகழ், நிலம், குடும்பம், ஆரோக்கியம் எல்லாம் இருந்தும் 'அதனால் என்ன?' என்ற கேள்வியைத் தாண்ட முடியாமல், தன்னையே நம்ப முடியாமல், துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். தத்துவமும் விஞ்ஞானமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகள் உழைப்பையும் நோயையும் சாவையும் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் வழி தெரிந்தது. உனக்கும் அந்த அளவுக்கு இருட்டு வந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, எந்த நேரமானாலும் கூப்பிடு.

'ஒன்றும் நடக்கவில்லை' என்கிறாயே, அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஏதாவது நடக்க வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது? ரமணர் பதினாறு வயதில், 1896இல், மரண பயம் வந்து, செத்தவனைப் போலக் கிடந்து, சாவது எது என்று பார்த்த சில நிமிடங்களில் எல்லாம் மாறிப்போனது என்று நாம் படித்திருக்கிறோம். உண்மைதான். ஆனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் நம்மைப் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்க மின்னலுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எனக்கு அதைவிட நெருக்கமாக இருப்பது அன்னை தெரசாவின் கதை. 1946இல் ஒரு ரயில் பயணத்தில் ஏழைகளிடம் போ என்ற அழைப்பு அவருக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் அந்தப் பணியைத் தொடங்கிய காலத்திலிருந்தே கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்ற உணர்வு அவரிடமிருந்து போய்விட்டது. இடையில் கொஞ்ச காலம் தவிர 1997இல் இறக்கும்வரை அது திரும்பவே இல்லை. ஜெபம் செய்தால் உள்ளே வெறுமைதான் என்று தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார், அந்தக் கடிதங்களை அழித்துவிடச் சொல்லியும் கேட்டிருக்கிறார். 2007இல் அவை வெளிவந்தபோது, அப்படியென்றால் எல்லாம் வேஷமா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. ஒரு துளி இனிப்பும் கிடைக்காமல் ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாக ஒருவர் விடியற்காலையில் எழுந்து ஜெபித்துவிட்டு, யாருக்கும் வேண்டாதவர்களின் புண்ணைத் துடைத்தார் என்றால் அதைவிடப் பெரிய நம்பிக்கை எது? அனுபவம் வந்தது, போனது. அவர் போகவில்லை.

கடவுளே இருக்கிறாரா என்ற சந்தேகத்தோடு எப்படி உட்காருவது என்றும் கேட்டிருந்தாய். சந்தேகத்தோடேயே உட்காரலாம். உலகம் நிலையானதா, இறந்தபின் என்ன என்ற கேள்விகளுக்குப் புத்தர் பதில் சொல்ல மறுத்தார், துன்பம் தீர அந்தப் பதில் உதவாது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

நான் கண்டது சின்ன விஷயம்தான். காலையில் உட்கார்ந்தால் மனசு ஓடும், கூட்டி வருவேன், திரும்ப ஓடும். பெரும்பாலான நாள் அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் அம்மா 'அப்பா வந்துட்டாரா?' என்று கேட்பாள். அப்பா போய் வருஷங்களாகிறது. கேட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பாள், ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது புதுக் கேள்வி. கையில் இருப்பதை வைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, 'நான் இருக்கேன்மா' என்று முதல் தடவை சொல்வது மாதிரியே சொல்ல வேண்டும். போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருக்கும் விரல்கள் அப்போது மெல்ல நிற்கும். காலையில் செய்வதும் இதுவும் ஒரே வேலை என்று எனக்குத் தெரிகிறது: விட்டுப் போன இடத்துக்குச் சலிக்காமல் திரும்பி வருவது. எதற்காக எழுந்திருப்பது என்ற கேள்வி அந்த நேரத்தில் எனக்குள் எழுவதே இல்லை. தியானம் பலிக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தேடாதே, பக்கத்தில் இருப்பவர் பேசுவது உனக்கு முன்பைவிட நன்றாகக் காதில் விழுகிறதா என்று பார்.

இதனால்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏதாவது ஆசிரமத்தில் போய் இருந்துவிடலாமா என்ற உன் யோசனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் தனிமை நல்லதுதான், போய்விட்டு வா. ஆனால் இத்தனை நாளில் இந்த அனுபவம் நிச்சயம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அந்த இடத்துக்குப் போகாதே.

அப்புறம், உன் அண்ணனோடு பேச்சே இல்லை என்று முன்பு எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவரிடம் பேசிப் பார்த்தாயா? எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்