கேள்வி கேட்டவர்கள் மக்களின் எதிரிகள் அல்லர்: அண்ணாவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்மையில் லண்டன் ஹரோவில் நம்மவர்கள் கூடிய கலந்துரையாடலில், ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்று 2016 ஜூன் 23ஆம் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பைப் பற்றிப் பேசிய நீங்கள், அதன் முடிவைக் கேள்விக்கு உட்படுத்தியவர்கள் எல்லோரும் மக்களின் எதிரிகள் என்றீர்கள். மண்டபம் கைதட்டியது. மறுத்துப் பேச அங்கே நேரம் கிடைக்கவில்லை. சபையில் சொன்னதற்குச் சபையறியவே மறுமொழி சொல்வதுதான் முறை என்பதால் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்; உங்கள் மீது நான் வைத்திருக்கும் மதிப்பில் எந்தக் குறையும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று நீங்கள் வாக்களித்ததற்குச் சொன்ன காரணத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2012 முதல், இந்த நாட்டின் குடியுரிமை பெற்ற தமிழர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ தம் மனைவியை அழைத்துக்கொள்ள ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. அதே தெருவில் வேலை பார்த்துக் குடியிருந்த இத்தாலியருக்கோ அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. கடைகளிலும் உணவகங்களிலும் இரவு பகலாக உழைத்தும் அந்தத் தொகையை எட்ட முடியாமல், பிள்ளையைப் படத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன்மாருக்காக நீங்கள் எத்தனை விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தீர்கள் என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும். அந்தக் குமுறல் நியாயமானது. 2021இல் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு முறையில் இந்திய மாணவர்களுக்கும் தாதியருக்கும் வழி திறந்தது என்று நீங்கள் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்த வருமான நிபந்தனைக்கு என்ன ஆயிற்று? 2024 ஏப்ரலில் அது 29,000 பவுணாக உயர்ந்தது. இத்தாலியருக்கு இருந்த வசதி நமக்கு வரவில்லை, அண்ணா. நமக்கு இருந்த தடைதான் இனிமேல் வரும் இத்தாலியருக்கும் போடப்பட்டது.

இருந்தாலும் என் கருத்து வேறுபாடு நீங்கள் எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள் என்பதைப் பற்றியதல்ல. வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள். ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து உறுப்பு நாடாக இருக்க வேண்டுமா, அல்லது ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டுமா என்று ஒரு கேள்வி. அதன் கீழே இரண்டு கட்டங்கள். சாவடியில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில். ஆம், இல்லை என்று கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று தேர்தல் ஆணைக்குழு சொன்னதால் திருத்தி அமைக்கப்பட்ட கேள்வி அது. கேள்வியின் நடுநிலையில் எனக்குக் குறையில்லை. வெளியேறிய பிறகு எங்கே போய் நிற்பது என்பது அந்தத் தாளில் எங்குமே இல்லை என்பதுதான் என் குறை. நோர்வேயைப் போல ஒன்றியத்தின் பொது விதிகளை ஏற்று அதன் ஒற்றைச் சந்தையில் இருப்பதா, கனடாவைப் போல வர்த்தக உடன்பாட்டோடு நிறுத்திக்கொள்வதா, உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்தில் நீடிப்பதா, வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலுள்ள 500 கிலோமீற்றர் எல்லையை என்ன செய்வது என்ற எதற்கும் எழுத்தில் பதில் இருக்கவில்லை. வெளியேறக் கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்றைய பிரதமர் டேவிட் கமரூனின் அரசாங்கமோ மக்கள் வெளியேறச் சொன்னால் என்ன செய்வது என்று திட்டமிடவே மறுத்துவிட்டது. பாராளுமன்றத்தின் வெளிவிவகாரக் குழு பின்னர் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆகவே இந்தக் குற்றத்தை உங்கள் பக்கத்தின் தலையில் மட்டும் நான் கட்டவில்லை.

இதை வேறு விதமாகச் செய்திருக்கலாம் என்பதற்கு இதே இராச்சியத்துக்குள்ளேயே சான்று உண்டு. 1998 மே 22ஆம் திகதி வட அயர்லாந்து மக்கள் பெரிய வெள்ளி உடன்பாடு எனப்படும் அமைதி உடன்பாட்டின் மீது வாக்களித்தபோது, அந்த உடன்பாட்டின் முழு வாசகமும் வீடு வீடாக அனுப்பி வைக்கப்பட்டிருந்தது. 71 வீதத்தினர் ஆம் என்றார்கள். எதற்கு ஆம் என்றார்கள் என்பது ஒவ்வொருவர் மேசையிலும் அச்சில் இருந்தது. 2014இல் ஸ்கொட்லாந்து ஐக்கிய இராச்சியத்தை விட்டுப் பிரிவதா என்று கேட்கப்பட்டபோது, பிரிவினை கோரிய ஸ்கொட்லாந்து அரசாங்கம் தன் திட்டத்தை விளக்கி அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட வெள்ளை அறிக்கையை முன்கூட்டியே வெளியிட்டது. பவுணையே தொடர்ந்து பயன்படுத்துவோம் என்று அதில் எழுதியிருந்ததால்தான் அது முடியுமா என்று எதிர்த்தரப்பு வரிக்கு வரி கேட்க முடிந்தது. பிரிவினை கேட்டவர்கள் தோற்றார்கள் என்றாலும், எதைக் கேட்டுத் தோற்றோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2016இல் 51.9 வீதத்தினர், அதாவது 1 கோடி 74 இலட்சம் பேர், வெளியேறச் சொன்னார்கள். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அவர்கள் எந்த வெளியேற்றத்தைச் சொன்னார்கள் என்று பாராளுமன்றத்துக்கே தெரியவில்லை. கமரூனுக்குப் பின் பிரதமரான தெரேசா மே கொண்டுவந்த வெளியேற்ற உடன்பாடு 2019 ஜனவரி 15ஆம் திகதி 432க்கு 202 என்ற கணக்கில் தோற்றது. மார்ச் 27ஆம் திகதி எட்டு வெவ்வேறு வழிகளை முன்வைத்து வாக்கெடுத்தார்கள். எட்டில் ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. வெளியேற்றத்துக்கு முன்னின்று உழைத்த பொரிஸ் ஜோன்சனே மேயின் உடன்பாட்டை இரண்டு முறை எதிர்த்து வாக்களித்த பிறகுதான் மூன்றாம் முறை ஆதரித்தார். இது நாங்கள் கேட்ட வெளியேற்றம் அல்ல என்று அவர் சொல்லலாம், ஆனால் எந்த வெளியேற்றம் என்று மக்களிடமே கேட்டுவிடுவோம் என்று ஒருவர் சொன்னால் அவர் மட்டும் மக்களின் எதிரியா?

மக்களின் எதிரிகள் என்று நீங்கள் பயன்படுத்திய அந்தத் தொடரை 2016 நவம்பரில் ஒரு நாளிதழ் மூன்று நீதிபதிகளின் படத்தோடு முதற்பக்கத்தில் அச்சிட்டது. அந்த நீதிபதிகள் வெளியேற்றத்தைத் தடுக்கவில்லை. பாராளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் அரசாங்கம் தானாக அதைத் தொடங்க முடியாது என்றுதான் சொன்னார்கள். உச்ச நீதிமன்றமும் 2017 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. அடுத்த சில வாரங்களிலேயே 494க்கு 122 என்ற கணக்கில் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது. சட்டப்படி நடங்கள் என்று சொன்னதற்கு அந்தப் பட்டம்!

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். 1982 டிசம்பர் 22ஆம் திகதி இலங்கையில் நடந்த சர்வசன வாக்கெடுப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேர்தலே வைக்காமல் பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு ஆண்டுகள் நீட்டிக்க அன்றைய ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன மக்களிடம் கேட்டார். ஆமென்றால் விளக்குச் சின்னம், இல்லையென்றால் குடம். யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்கு வாக்களித்தது. நாடளவில் விளக்கு ஏறத்தாழ 54.7 வீதத்தோடு வென்றது. இங்கே 2016இல் கிடைத்ததைவிடப் பெரிய பெரும்பான்மை அது. மக்கள் தீர்ப்பு என்று சொல்லி நீங்கள் அன்று வாய் மூடியிருந்தீர்களா? இரண்டு வாக்கெடுப்புகளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அங்கே அவசரகாலச் சட்டம் இருந்தது, இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆயினும், எண்ணிக்கையில் வென்றதாலேயே ஒரு வாக்கெடுப்பு கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர் நீங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாக்குரிமை யாருக்கு இருந்தது என்பதை நம்மவர்கள் பேசுவதே இல்லை. எங்கள் எதிர்வீட்டில் பல ஆண்டுகளாக வரி கட்டிக் குடியிருந்த போலந்துத் தம்பதியருக்கு அன்று வாக்கில்லை. அதே வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த மாணவனுக்கு, பொதுநலவாய நாட்டவன் என்பதால், வாக்கு இருந்தது. அந்தத் தம்பதியரின் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை நம் கையில் தரப்பட்டிருந்தது. கைதட்டுவதற்கு முன் நாம் அதை யோசித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

மீண்டும் ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற குரல் இப்போது ஆங்காங்கே எழுகிறது. நான் 2016இல் ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்று வாக்களித்தேன். மீண்டும் சேர்வதையே இன்றும் விரும்புகிறேன். ஆனாலும் யூரோ நாணயத்தை ஏற்பதா, ஆண்டுக்கு எவ்வளவு கட்டுவது, முன்பு இருந்த விலக்குகள் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை எழுத்தில் வைக்காமல், சேர்வதா வேண்டாமா என்று மட்டும் கேட்டு ஒரு வாக்குச்சீட்டு வந்தால், அன்று நான் உங்கள் பக்கம் நின்று வேண்டாம் என்றே வாக்களிப்பேன். வெளியேறுவதற்கும் அதே நிபந்தனையை 2016இல் வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு அடுத்த கூட்டத்தில் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி