மே மாத மாடியில் நாயைக் கட்டச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய இசைத்தட்டுகளைப் பாதுகாப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் இருவருமே படித்தோம். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் முடி தட்டில் விழும் என்பதால் நாய் வளர்ப்பவர்கள் அதை மொட்டை மாடியிலோ வாசலிலோ கட்டிவிட வேண்டும், தட்டு இருக்கும் வீட்டுக்குள் விடவே கூடாது என்று எழுதியிருக்கிறாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கட்டுரையாளர் எந்த ஊர்க்காரரோ, வேலூர்க்காரராக இருக்க வாய்ப்பில்லை. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் மொட்டை மாடிக்குக் காய்ந்த வடாத்தை அள்ளப் போகிறவர்களே செருப்பில்லாமல் கால் வைக்க மாட்டார்கள். வெயிலூர் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவது சும்மா இல்லை. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியசைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும் ஊரில், ஒரு தட்டில் முடி விழுகிறது என்பதற்காக வாயில்லா ஜீவனை மாடியில் கட்டுவதா?

எங்கள் வீட்டில் தட்டுகள் என் கணவருடையவை, நாய் என்னுடையது. எனவே நான் யார் பக்கம் பேசுகிறேன் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அவர் இளவயதில் காட்பாடியில் ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால் முதலில் போகும் இடம் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட்தான். 1985இல் அது எரிந்துபோவதற்குள் அவர் வாங்கிச் சேர்த்தவைதான் இன்று எங்கள் அலமாரியில் பாதிக்கு மேல். நாய் பாலாற்றங்கரையில் கிடைத்த நாட்டுக்குட்டி. நிறத்தை வைத்துச் செவலை என்று பெயர். அது வந்த புதிதில் அவரும் ஏறக்குறைய கட்டுரையாளர் சொன்னதையே சொன்னார். நான் பதில் பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு தட்டை உருவி, நடுவிலிருந்த லேபிளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் தட்டுகளின் முத்திரை நாய் கிராமபோன் குழாய்க்குள் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தது. பாடகருக்குக் கிடைக்காத இடம் அதற்குக் கிடைத்திருக்கிறது! 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்த நிப்பர் என்ற நாய் அது. ஓவியர் பிரான்சிஸ் பேராட் முதலில் அதை உருளையில் ஒலி பதியும் ஃபோனோகிராஃபின் முன்னால் உட்கார்ந்திருப்பதாகத்தான் வரைந்தார். 1899இல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்கியபோது இயந்திரத்தை மட்டும் மறைத்து, தட்டு சுழலும் கிராமபோனாக மாற்றி வரையச் சொன்னது. நாயை மாற்றச் சொல்லவில்லை. என் கணவர் அதற்குமேல் வாதாடவில்லை.

விளையாட்டு போகட்டும். முடி பிரச்சினை உண்மைதான். தட்டின் வரிப்பள்ளம் மனித முடியின் பருமன்கூட இராது. நாய் முடி முழுசாக அதற்குள் இறங்காது, குறுக்கே படுத்துக்கொள்ளும். முள் வரும் வழியில் அதை வாரிக்கொண்டு போகும். அரைப் பக்கம் ஓடியதும் ஒலி கம்மத் தொடங்கும், 'ச'கரமெல்லாம் கரகரக்கும். முள் பொருத்திய கையைத் தூக்கி, முள்ளின் நுனியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பொதி தொங்கும். அதில் நாய் முடி ஓரிரு இழை இருக்கும். மற்றதெல்லாம் போர்வைப் பஞ்சு, தெருப்புழுதி, நம் தோலிலிருந்து உதிர்ந்த பொடி. நாயே இல்லாத வீட்டிலும் இந்தப் பொதி சேரும். பழி மட்டும் நாய் மேல். அதை எடுக்க மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னோக்கி ஒரு தடவு போதும். பக்கவாட்டில் தேய்த்தால் முள் தாங்கி வளைந்துவிடும்.

முடி ஏன் தட்டைத் தேடி வருகிறது என்பதைக் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். வினைல் தட்டு என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். உறையிலிருந்து உருவும்போதே நிலைமின்சாரம் ஏறிவிடும். காற்றில் ஈரமில்லாத கோடையில் அது எளிதில் இறங்காது. அந்த நேரத்தில் மின்விசிறியும் முழு வேகத்தில் சுற்றினால், தரையிலிருக்கும் முடி மேலே கிளம்பி நேராகத் தட்டில் வந்து உட்காரும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மின்சாரம் இன்னும் கூடும். நாங்கள் செய்வது இவ்வளவுதான்: தட்டு போடும் முன் அறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறோம், தட்டை வைத்து முள்ளை இறக்கும் வரை மின்விசிறியை நிறுத்துகிறோம், பிறகு மூடியை மூடிவிடுகிறோம். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்துவது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று வேலூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். செவலைக்குத் தினமும் திண்ணையில் வைத்துச் சீப்பு போடுகிறேன். சீப்பில் வருகிற முடி தட்டுக்கு வராது. நாட்டு நாய்க்கும் ராஜபாளையத்துக்கும் குட்டை முடி, சமாளித்துவிடலாம். லாப்ரடார், பொமரேனியன் வைத்திருப்பவர்கள் இரண்டு மடங்கு பாடுபட வேண்டும், அதை மறைப்பதற்கில்லை.

முடியைவிட எண்ணெய்தான் மோசம், அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. உண்ணிக்காக நாய்க்கு வேப்பெண்ணெய் தடவுகிறோம், அதே கையால் தலையைத் தடவிக் கொடுக்கிறோம், அப்படியே போய்த் தட்டை எடுக்கிறோம். எண்ணெய்ப் படலத்தில் ஒட்டும் புழுதி தூரிகைக்கு அசையாது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, ஓரத்தையும் லேபிளையும் மட்டும் தொட வேண்டும். கழுவ வேண்டிய தட்டுக்கு எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஆகாது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றங்கரை நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. போர்வெல் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் விலை அதிகமில்லை. துணியை வரியோடு சேர்த்து வட்டமாக ஓட்டுங்கள், குறுக்கே இழுக்காதீர்கள்.

அலமாரி விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைக் கட்டிய கொத்தனார்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சுவரில் பதித்த கடப்பைக் கல் அலமாரி அசையாது. பிளேயர் அதன் மேல் இருப்பதால் செவலை கட்டிலிலிருந்து குதித்தாலும் முள் துள்ளுவதில்லை. மர ஸ்டாண்டில் வைத்திருந்தால் ஒவ்வொரு குதிக்கும் பாட்டு ஒரு வரி தாண்டும். அடித்தட்டில் மட்டும் இசைத்தட்டு வைக்க வேண்டாம். ஆண் நாய் காலைத் தூக்குவதற்கு நிமிர்ந்து நிற்கும் அட்டை முனையைவிடத் தோதான இடம் கிடையாது, அந்தக் கறை அட்டையை விட்டுப் போகவும் போகாது.

வினைலுக்குப் பெரிய எதிரி வெப்பம். சூட்டில் இளகி, சாய்த்து வைத்திருந்தால் சாய்ந்தபடியே வளைந்துவிடும். முடியைத் துடைத்து எடுக்கலாம், வளைந்த தட்டைப் பழையபடி ஆக்குவது பெரும்பாலும் நடக்காது. இதே ஊரில் தட்டுகளை ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடியறையில் அடுக்கி வைத்துவிட்டு நாயைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மேற்கு வெயில் படாத நடு அறையில்தான் தட்டுகள் நிற்கின்றன. செவலையும் மதியத்தில் அங்கேதான், கடப்பைக் கல்லுக்குக் கீழே வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு படுக்கிறது. தட்டுக்கு எது நல்ல இடமோ அதுவே நாய்க்கும் நல்ல இடமாக இருக்கும்போது ஒன்றை வெளியே தள்ளச் சொல்வது எந்த நியாயம்?

ஒலியின் அளவில் மட்டும் நாய்க்காக நாம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். நம் காது 20,000 ஹெர்ட்சோடு நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். ஸ்பீக்கருக்கு நேரெதிரே அதைப் படுக்கவிடாமல், பிடிக்காவிட்டால் எழுந்து போகக் கதவைத் திறந்து வைத்தால் போதும். காப்பகத்து நாய்களுக்கு விதவிதமான இசையைப் போட்டுப் பார்த்து, மென்மையான ராக்கும் ரெகேயும் அவற்றைச் சற்று அமைதிப்படுத்துவதாக 2017இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள். நாதஸ்வரத்துக்குச் செவலை காட்டும் மரியாதையை அவர்கள் பார்த்ததில்லை.

முடிக்கும் முன் ஒரு திருத்தம். எல்லாப் பழைய தட்டுகளையும் ஸ்பிரிட் கலந்த நீரால் துடைக்கலாம் என்று கட்டுரையில் இருக்கிறது. வினைலுக்குச் சில துளி சரி. ஆனால் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கில் செய்தது. மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடும் தச்சரைக் கேளுங்கள், அரக்கை எதில் கரைக்கிறார் என்று. ஸ்பிரிட்டில்தான். அதைத் தொட்டால் தட்டின் மேல்பரப்பே கரைந்து பாட்டு போய்விடும். அடுத்த இதழிலேயே இதைக் கண்ணில் படும்படி வெளியிடுங்கள். தாத்தா காலத்துத் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கப் போகிறவர்கள் சிலராவது இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலப்பாடி, வேலூர்