அசனப் பந்தியும் அடுக்களைச் சன்னலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்டாரத்து ஆலயம் ஒன்றின் பிரதிஷ்டை பண்டிகையையொட்டி நடைபெற்ற அசனத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் படத்துடன் வெளிவந்த செய்தியைப் படித்தேன். சாதி, மத வேறுபாடின்றி அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உணவருந்தினார்கள் என்று தங்கள் நிருபர் எழுதியிருந்தார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பரிமாறியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் உறுதியாகவே சொல்ல முடியும். ஆயினும் அந்தச் செய்தியைப் படித்து முடித்தபோது, ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதே அசனத்திற்கு மறுநாள் காலையில் என் வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்து மனத்தை உறுத்தியது. அதை எழுதாமல் செய்தியை மட்டும் பாராட்டி எழுதினால் அது அரைகுறை உண்மையாகிவிடும்.

தென் மாவட்டங்களுக்கு வெளியே வாழும் வாசகர்களுக்கு அசனம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சபைகளில் ஆண்டுக்கொரு முறை ஊர் கூடிச் சமைத்து ஊர் கூடி உண்ணும் விருந்து அது. அரிசி ஒரு வீட்டிலிருந்தும், ஆட்டுக்கிடா ஒரு வீட்டிலிருந்தும், விறகு வேறொரு வீட்டிலிருந்தும் காணிக்கையாக வரும். சென்னையிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பி வைப்பார்கள். முந்தின இரவே பெண்கள் ஆலய வளாகத்தில் வட்டமாக உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சின்ன வெங்காயம் உரிப்பார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாய்களில் குவித்து, அதன் முன் நின்று குருவானவர் ஜெபித்த பிறகே பந்தி தொடங்கும். படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்குத் தூக்குவாளியில் சோறும் கறிக்குழம்பும் வீடு தேடிப் போகும். எத்தனையோ கல்யாண விருந்துகளில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் குழம்பின் ருசி எங்கும் வாய்த்ததில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அசனப் பந்தியில் என் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார். அவர் வேலைக்காக வருபவர் மட்டுமல்லர். எங்கள் சபையிலேயே ஞானஸ்நானமும், சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலும் பெற்றவர், எனக்கு மூன்று வயது மூத்தவர். குடியிருப்பது மட்டும் வேறு தெரு. அந்தத் தெருவின் பெயரைச் சொன்னால் போதும், எங்கள் பக்கத்தில் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அவருடைய இலையில் நானே சோறு வைத்து, கறித்துண்டுகளைத் தேடிப்பிடித்துப் போட்டு, “நல்லா சாப்பிடுங்க அக்கா” என்று உபசரித்தேன். அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வழக்கம்போல் வந்து, பின்வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, அடுக்களைச் சன்னலின் வெளித்திண்டில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கழுவி நீட்டினார். நானும் வழக்கம்போல் சன்னல் கம்பிகளுக்கு இடையே கையை நீட்டி, டம்ளரில் கை படாமல் உயரத்திலிருந்து தேநீரை ஊற்றினேன். ஊற்றி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் என் பெயரும் என் திருமண நாளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த டம்ளரில் மட்டும் எதுவும் இல்லை. அதை அங்கே வைத்தவர் என் மாமியார். அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளாகியும் அதை நான் அங்கிருந்து எடுக்கவில்லை. சன்னலுக்கு நேர் எதிரே, புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைவிட வெட்கத்துக்குரியது ஒன்று உண்டு. ஆண்டவரின் கடைசி இராப்போஜன நினைவாக அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து ஆராதனையில் நாங்கள் இருவரும் ஒரே பீடத்தின் முன் முழங்காற்படியிட்டு, ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறோம். அவர் உதடு பட்ட கிண்ணத்தைக் குருவானவர் துணியால் ஒருமுறை துடைத்து என்னிடம் நீட்டுவார். நானும் கண்ணை மூடி வாங்கிக் குடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தீட்டில்லாத உதடு திங்கட்கிழமை ஆறு மணிக்கு எப்படித் தீட்டாகிறது என்று நாற்பது ஆண்டுகள் நான் யோசித்ததே இல்லை. ஆதித் திருச்சபையாரைக் குறித்து அப்போஸ்தலர் நடபடிகளில், “வீடுகள்தோறும் அப்பம்பிட்டு” என்று எழுதியிருக்கிறது. அந்த ‘வீடுகள்தோறும்’ என்ற சொல்லை மட்டும் நாங்கள் தாண்டிப் போய்விட்டோம். ஆலய வளாகத்தில் பந்தி போடுகிறோம், வீட்டுக்குள் போடுவதில்லை.

இது என் வீட்டு நோய் மட்டுமன்று, இன்று நேற்று வந்ததுமன்று. தமிழ்நாட்டின் பழைய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதும், திருவிருந்தில் யார் முதலில் வாங்குவது என்று பார்ப்பதும் நெடுங்காலம் நடந்தன. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைத் தீர்மானமாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். அதைப் பொறுக்காமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்தையே இரண்டு பிரிவினருக்கும் இரண்டு கூடங்களாகக் கட்டி நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டங்களில் எத்தனை சுவர்கள் இன்னும் நிற்கின்றன என்பதை அந்தந்த ஊரார் அறிவார்கள். கல்லாலான சுவரை இடிக்கக் கடப்பாரை போதும். என் சன்னல் திண்டில் இருந்தது ஒரு டம்ளர், அவ்வளவுதான். அதை நகர்த்த எனக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இத்தனைக்கும் நாங்களும் ஒரு காலத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தாம். எங்கள் முன்னோருக்குக் கோயில் வாசலும் சில தெருக்களும் அடைக்கப்பட்டிருந்தன. பக்கத்துத் தென் திருவிதாங்கூரில் எங்கள் உறவுப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகவே பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடி, 1859-இல்தான் அரச அறிவிப்பைப் பெற்றார்கள். விசுவாசத்துக்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் குடியேறிய முதலூர் 1799-இல் உண்டானது. இந்த வரலாற்றை ஆண்டுவிழாக்களில் ஒலிபெருக்கியில் சொல்கிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகமாக நடித்துக் காட்டுகிறோம். தள்ளி நிறுத்தப்பட்டவனின் வலி தெரிந்தவர்கள் இன்னொருத்தியைத் தள்ளி நிறுத்தும்போது, தெரியாமல் செய்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

எங்கள் பகுதி வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, பின்னர் தெலுங்குப் பகுதியின் தோர்ணக்கல்லுக்குப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவை இங்கே நினைக்கிறேன். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. எதிரே அமர்ந்திருந்த மேல்நாட்டாரை நோக்கி, ஏழைகளுக்கு அன்னதானம்பண்ண உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் சுட்டெரிக்கப்படக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற கருத்தில் அவர் பேச்சை முடித்தார். பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய அன்பின் அதிகாரத்தைத்தான் அவர் அப்படித் திருப்பிக் கேட்டார். வெள்ளைக்காரர் நம்மைச் சமமாக உட்கார வைக்கவில்லை என்ற அந்தக் குறையை இன்றும் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். அதே குறையை நம்மிடம் சொல்ல உரிமையுள்ளவர்கள் நம் பின்வாசலில் நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அந்த அம்மாவுக்கு நான் சேலை எடுத்துக் கொடுப்பேன். நல்ல சேலையாகத்தான் எடுப்பேன். டம்ளர் விஷயத்துக்குப் பிறகு ஒருநாள் பழைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். நான் ஆசிரியையாக இருந்தவள், எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. முழங்கால் வீங்கி அவர் வராத நாட்கள், பேரனுக்குக் காய்ச்சல் என்று நின்ற நாட்கள் ஆகியவற்றுக்கு நான் பிடித்த கூலியைக் கூட்டிப் பார்த்தால், அந்த ஆண்டுச் சேலையின் விலையைவிட அதிகமாக இருந்தது. அவருடைய பணத்திலேயே அவருக்குச் சேலை வாங்கிக் கொடுத்து, அதற்கு நன்றியும் பெற்றுக்கொண்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த காலத்தில் எனக்குத் தற்செயல் விடுப்பும் மருத்துவ விடுப்பும் இருந்தன. அவருக்கும் நோய் வரும் என்று என் கணக்கு நோட்டில் எங்கும் இடம் இல்லை. “கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது” என்று லேவியராகமம் சொல்கிறது. தர்மத்தை வேதம் புகழ்கிறது, உண்மைதான். ஆனால் கூலியை அது தர்மத்தின் கணக்கில் எழுதுவதே இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இலேயே தமிழ்நாட்டில் நல வாரியம் அமைக்கப்பட்டிருந்தும், அதில் அவரைப் பதிவு செய்ய உதவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது மிகப் பின்னரே.

தனி டம்ளர் சாதிக்காக அன்று, சுத்தத்துக்காகத்தான் என்று சில சகோதரிகள் என்னிடம் வாதாடினார்கள். நானும் முன்பு அப்படித்தான் சொல்லி வந்தேன். என் வீட்டின் அத்தனை டம்ளர்களையும் துலக்கிக் கவிழ்ப்பது அவருடைய கைகள்தாம் என்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது. வீட்டுக்கு வரும் வங்கி அதிகாரிக்கோ, ஏசி பழுதுபார்க்க வரும் பையனுக்கோ நாம் தனி டம்ளர் வைப்பதில்லை. அவர்கள் கை கழுவினார்களா என்றும் கேட்பதில்லை. ஆலயத்துக்குள் பேச வேண்டியதைப் பத்திரிகையில் எழுதலாமா என்றும் சிலர் கேட்கக்கூடும். ஒரே பந்தியில் உண்டோம் என்ற பெருமையைப் பத்திரிகையில் போட்டுக்கொண்ட பிறகு, இதை மட்டும் உள்ளறையில் வைத்துப் பேசுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. அந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு அலமாரியில் அடுக்கினேன். மறுநாள் அவரை உள்ளே அழைத்து நாற்காலியைக் காட்டியபோது, அவர் பதறிப்போய், “எதுவும் தப்பு பண்ணிட்டேனாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. பல மாதங்கள் அவர் நின்றுகொண்டே குடித்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு மழைநாளில் படி நனைந்திருந்ததால்தான் மேசைக்கு வந்தார். இன்றும் ஏதேனும் நினைவாக இருந்தால் அவர் கை சன்னல் திண்டைத் தடவும். நான் அவரை அக்கா என்று அழைத்தாலும் அவர் என்னை அம்மா என்றே அழைக்கிறார், என்னைவிட மூத்தவராயிருந்தும். நட்பு என்று இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

செய்தியில் விடுபட்டுப் போன ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒரே பந்தியில் அனைவரும் உண்டோம். உண்டு எழுந்த பிறகு அந்த எச்சில் இலைகளை எடுத்தவர்கள் யார்? அதற்கென்று கூலிக்கு அழைத்து வரப்பட்ட ஏழு பேர். எல்லாப் பந்திகளும் முடிந்து, பாயில் சோறு ஆறிப்போன பிறகு, மாலை நான்கு மணிக்குப் பந்தலின் ஓரத்தில் அவர்கள் சாப்பிட்டார்கள். பெரிய வியாழன்தோறும் பன்னிரண்டு சீஷர்களின் கால்களை ஆண்டவர் கழுவியதை வாசித்து உருகுகிற நாங்கள், அவர்களுக்குப் பரிமாறக்கூட அங்கே இல்லை; பாத்திரங்களை எண்ணி வாடகைக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆண்டு அசனத்தில் இலை எடுக்கும் பொறுப்பைச் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து நாங்கள் ஒன்பது பேர் ஏற்றுக்கொள்வதாகவும், அந்த ஏழு பேரை முதற்பந்தியில் உட்கார வைக்க வேண்டும் என்றும் சேகர குருவானவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அசனக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் அதை வைப்பதாக ஐயா சொல்லியிருக்கிறார். கமிட்டியில் ஓரிருவர் முகம் சுளித்ததாகவும் கேள்விப்பட்டேன். பந்தி நடக்கும்போது தங்கள் நிருபர் வருவதைப் போலவே, இலை எடுக்கும் நேரத்திலும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் வீட்டுக்கு வரும் அம்மாவை ஊரார் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.