ஆட்டோ கன்சல்டிங் நடத்துற அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் ஆட்டோ கன்சல்டிங்னு போர்டு போட்டு செகண்ட் ஹேண்ட் கார் விக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இத எழுதறேன். எனக்கு வண்டி வித்தவர் மேல மட்டும் கோபம்னா அவர்கிட்டயே பேசி முடிச்சிருப்பேன், அவரு இப்ப ஃபோனே எடுக்கறதில்ல, அது வேற கதை. ஆனா விசாரிச்ச மத்த கடையிலயும் அதே பதில்தான் வந்துச்சு, "வித்த வண்டியத் திரும்ப எடுக்கற பழக்கம் இந்த லைன்லயே கிடையாதுங்க". லைன்லயே கிடையாதுன்னா பேச வேண்டியது மொத்த லைன்கிட்டத்தானே.

டீசல் ஹேட்ச்பேக், சென்னை ரிஜிஸ்ட்ரேஷன், சிங்கிள் ஓனர், டாக்டர் வச்சிருந்த வண்டின்னாங்க. (நம்மூர்ல விக்கிற பழைய கார்ல பாதி டாக்டர் ஓட்டினது, மீதி பேங்க் மேனேஜர் ஓட்டினது, வேற யாரும் கார் வாங்கினதாவே தெரியல.) விலை நாலு லட்சத்துச் சொச்சம். எடுத்துட்டு வந்த வாரமே ஏர்பேக் லைட் எரிய ஆரம்பிச்சுது, அப்புறம் டிரைவர் சைடு கண்ணாடி தானா எறங்குது, ஏசி போட்டா ஈரச் சாக்கு வாடை அடிக்குது, கடைசியா ஒரு நாள் காலைல குழந்தைங்கள ஏத்தி உக்கார வச்சுட்டு சாவியத் திருப்பினா ஸ்டார்ட்டே ஆகல.

எலக்ட்ரீஷியன் வந்து டிரைவர் சீட்டக் கழட்டி கார்பெட்டத் தூக்கினார். கீழ மஞ்சக் கலர்ல ஒரு சாக்கெட் இருக்கும், ஏர்பேக் வயருக்குன்னே அந்தக் கலரு, அதோட பின்னெல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு. சீட் ரெயில் போல்ட்டு பூரா துரு. அவரு ஒண்ணும் பேசாம பின் சீட் பெல்ட்டப் பிடிச்சு கடைசி வரைக்கும் இழுத்தார், முக்கால்வாசி வெளிய வந்ததும் குறுக்கால காபி கலர்ல ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் பெல்ட் பளிச்சுனு இருக்கு, அந்தப் பக்கம் சேறு ஊறிப்போன கலர். "தண்ணில நின்ன வண்டிங்ணா"ன்னார்.

2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னைல கார் மிதந்தத டிவில எல்லாரும் பாத்தோம். ரிப்பேர் செலவு ஐடிவில, அதாவது பாலிசில போட்டிருக்கற வண்டி மதிப்புல, 75 சதவீதத்தத் தாண்டினா இன்சூரன்ஸ்காரங்க ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனமில்லன்னு டோட்டல் லாஸ் எழுதிருவாங்க, வண்டி ஏலத்துக்குப் போகும், எடுத்தவர் கழுவி சீட் கவர் மாத்தி வெள்ளமே வராத ஊரா பாத்து அனுப்பிருவார். அது தப்புன்னு நான் சொல்லல. தண்ணில நின்னது, அதனாலதான் இந்த ரேட்டுன்னு சொல்லி வித்தா வாங்கறதுக்கும் ஆள் இருக்கு, சொல்லாம டாக்டர் கதை சொல்றதுதான் பிரச்சனை.

சரி, திரும்ப எடுத்துக்கங்கன்னு போனா என்ன சொல்றீங்க? மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து பாத்துட்டுத்தானே எடுத்தீங்கன்றீங்க. ஏனுங்க, எந்தக் கடையிலயாவது வாங்கறதுக்கு முன்னாடி சீட்டக் கழட்டிப் பாக்க விட்டிருக்கீங்களா? போனட்டத் தொறந்து ஆயில் பாக்க விடுவீங்க, ஒரு ரவுண்டு ஓட்ட விடுவீங்க, அவ்ளோதான்.

அடுத்தது, இது பார்ட்டி வண்டிங்க, அதாவது பழைய ஓனரோடது, நாங்க கமிஷன்தான்றது. 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கற மத்திய மோட்டார் வாகன விதி உங்களுக்குத் தெரியாம இருக்காது. பழைய வண்டி வாங்கி விக்க ஆர்டிஓ ஆதாரிட்டிகிட்ட அங்கீகாரம் வாங்கியிருக்கணும், ஓனர் வண்டிய உங்ககிட்ட ஒப்படைச்சா ஃபார்ம் 29சி போட்டுத் தெரியப்படுத்தணும், போட்டதுக்கப்புறம் அந்த வண்டிக்கு ஓனரா கருதப்படறது நீங்கதான். அதுக்கு மேல பார்ட்டி யாரு? ஃபார்மே போடலன்னா அது இன்னும் மோசம்.

எனக்கு ரொம்ப எரிச்சல் வந்தது டெலிவரி நோட்டப் பாத்துத்தான். தேதி போட்டிருக்கு, நேரம் மாலை 5.40ன்னு நிமிஷம் வரைக்கும் போட்டிருக்கு, இந்த நேரத்துக்கு மேல ஆக்சிடென்ட், கேஸ், ஃபைன் எது வந்தாலும் வாங்கறவரே பொறுப்புன்னு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி என் கையெழுத்து. உங்க தலைக்கு வரக்கூடியதுக்கெல்லாம் நிமிஷக் கணக்கு இருக்கு, ஆனா கிலோமீட்டர் ரீடிங்ன்ற இடம் காலி, இன்சூரன்ஸ் கிளைம் இருந்துச்சான்ற பேச்சே இல்ல. பில்லும் கெடையாது. கேட்டா ஜிஎஸ்டி எக்கச்சக்கமா வரும்ன்றாங்க. மார்ஜின் ஸ்கீம்ல உங்க லாபத்துக்கு மட்டும்தான் வரி, 2025 ஜனவரில எல்லா பழைய வண்டிக்கும் 18 சதவீதம் ஆனப்பவும் அது மார்ஜினுக்குத்தான், முழு நாலு லட்சத்துக்கு இல்ல.

அப்புறம் அந்த "திரும்ப எடுக்கற பழக்கம்". 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பிரிவு 2(47)ஐ எடுத்துப் படிங்க. குறைபாடுள்ள பொருளத் திரும்ப எடுத்துப் பணத்தத் தர மறுத்தா அது நியாயமற்ற வணிகம், பில்லுல கெடு போட்டிருந்தா அந்தக் கெடுவுக்குள்ள, போடலன்னா 30 நாளைக்குள்ள. பில் குடுக்காம விடறதும் அதே லிஸ்ட்லதான் இருக்கு. நான் கேட்டு வந்தது முதல் மாசத்துக்குள்ளயே, வாட்ஸ்அப்ல அனுப்பினதும் இருக்கு, நீல டிக்கும் இருக்கு.

அதனால நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. வாயில சொல்றத டெலிவரி நோட்ல எழுதுங்க. ரீடிங் எவ்ளோ, கிளைம் இருந்துச்சா, தண்ணில நின்னுச்சா, இத்தன நாளைக்குள்ள கொண்டு வந்தா எடுத்துக்குவோமா மாட்டோமா, கீழ உங்க கையெழுத்தும் கடை சீலும். நேர்மையா விக்கறவங்களும் உங்கள்ல நெறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு இதுல என்ன நஷ்டம்? சங்கத்துல ஒரு மீட்டிங் போட்டு எல்லாக் கடைக்கும் ஒரே ஃபார்மா அடிச்சாக்கூடப் போதும்.

எனக்கு வித்த அண்ணனுக்கு மட்டும் கடைசியா ஒண்ணு. வண்டி வீட்டு முன்னாடிதான் நிக்குது, எதையும் மாத்தல, அந்த பெல்ட்டும் அப்படியேதான் இருக்கு, வேணும்னா லேபுக்கே அனுப்பிப் பாக்கச் சொல்லுவேன். குடுத்த விலை அஞ்சு லட்சம் வரைக்கும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஃபீஸே கிடையாது, ஆன்லைன்ல போட்டாச்சு. அங்கிருந்து நோட்டீஸ் வரும். ஃபோன எடுக்காத மாதிரி தபால்காரரையும் திருப்பி அனுப்பிராதீங்க, வாங்க மறுத்தார்னு அவர் எழுதிட்டா சட்டப்படி நீங்க வாங்கினதாத்தான் கணக்கு.