ஹுவா ஹின் ஓய்வில்லம் பார்க்கும் பேக்கேஜ்: முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னைக் கிளை.

ஐயா / அம்மா,

வணக்கம். தாய்லாந்தின் ஹுவா ஹின்னில் ஓய்வுக்கால வீடு பார்க்க நீங்கள் கூட்டிப்போன பயண பேக்கேஜ் பற்றிய என் புகார் டிக்கெட்டை "தீர்வு காணப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள். என்ன தீர்வு என்று கேட்டால் கால் சென்டர் சென்னைக் கிளையைக் கேட்கச் சொல்கிறது. கிளை பாங்காக் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. பாங்காக்கில் போனை எடுப்பவர் மறுபடி கால் சென்டர் நம்பரையே தருகிறார். அலைந்து அலுத்துப்போய்த்தான் இதை எழுத்தில் தருகிறேன். பதிவுத் தபாலிலும் வரும்.

பதிவுப் படிவத்தில் நானும் என் மனைவியும் கேட்டது மூன்றே விஷயம். வெளிநாட்டவர் கோட்டாவில் முழு உரிமையோடு வாங்கக்கூடிய கான்டோ (அடுக்குமாடி வீடு), கடலுக்கு நடந்து போகும் தூரம், கட்டிப் பத்து வருடமாவது ஆன கட்டடம். உப்புக் காற்று என்ன செய்யும் என்பது புதுப் பெயின்ட் அடித்த கட்டடத்தில் தெரியாது என்பதால்தான் பழையதாகக் கேட்டோம். இருவருக்குமாக ரூ.1,85,000 வாங்கிக்கொண்டு, மூன்றையும் "உறுதி" என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தது நீங்கள்.

தாய்லாந்து கான்டோ சட்டப்படி ஒரு கட்டடத்தில் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49% வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அதில் இடம் இருக்கிறதா என்று கட்டட நிர்வாகம் கடிதம் தரும். ஒரே ஒரு பக்கம். கிளம்பும் முன்பே அதைக் கேட்டேன், நீச்சல்குளப் படம் போட்ட பிரசுரத்தை அனுப்பினீர்கள். நேரில் போனால், காட்டிய வீடுகளில் ஒன்றுகூட அந்தக் கோட்டாவில் இல்லை. எல்லாமே தாய்லாந்துக்காரர் கோட்டா. அதாவது நமக்கு லீஸ் மட்டும்தான்.

இதைக் கேட்டதற்கு உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். இரண்டாம் நாள் அட்டவணையைப் பார்த்தால் அவர் யாரென்று உங்களுக்கே தெரியும். "30 ப்ளஸ் 30 ப்ளஸ் 30, மொத்தம் 90 வருஷம் சார். உங்க வயசுக்கு முதல் முப்பதே ஜாஸ்தி." என் மனைவி பக்கத்தில் நிற்கிறார். இதைச் சொல்லிவிட்டு உங்கள் பிரதிநிதி டிரைவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

தாய்லாந்து சிவில் சட்டத்தில் வீட்டு லீஸுக்கு உச்சவரம்பு 30 வருடம். அடுத்த முப்பதும் அதற்கடுத்த முப்பதும் வெறும் வாக்குறுதி, நிலப்பதிவு அலுவலகத்தில் பதிவாகாது. சொத்து கை மாறினால் புது உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. இதைவிடப் பெரிய விஷயம், லீஸ் என்பது எடுத்தவரின் தனிப்பட்ட உரிமை. ஒப்பந்தத்தில் வாரிசு பற்றித் தனியாக எழுதாவிட்டால், எடுத்தவர் இறந்ததும் லீஸும் முடிந்துபோகும். நீங்கள் நீட்டிய வரைவு ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. மனைவி பெயரும் இல்லை, வாரிசு பற்றிய பிரிவும் இல்லை. எனக்கு எப்போது எது நடந்தாலும், மறுநாளே அவர் வெளிநாட்டில் வீடில்லாமல் நிற்க வேண்டியதுதான். அதைத்தான் "ஜாஸ்தி" என்கிறார் உங்கள் ஆள். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எழுத்தில் மன்னிப்பு வேண்டும். மற்றதைப் பேசித் தீர்க்கலாம், இதைப் பேசித் தீர்க்க முடியாது.

விளம்பரத்தில் "கடற்கரைக்கு 5 நிமிடம்". அட்டவணையில் வந்த முதல் வீடு சோய் 112 என்ற தெருவுக்குள். ஹுவா ஹின்னில் ஒற்றைப்படை சோய்கள் கடல் பக்கம், இரட்டைப்படை சோய்கள் மேற்கே மலைப் பக்கம் என்பது அங்கே வீடு தேடும் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அங்கிருந்து கடலுக்குப் போக ரயில் பாதையைத் தாண்ட வேண்டும், பிறகு லாரி ஓடும் பெட்காசெம் சாலையைத் தாண்ட வேண்டும். ஐந்து நிமிடம் காருக்கே போதாது. முழங்கால் வலி உள்ளவருக்கு நடக்கும் தூரம் வேண்டும் என்று படிவத்திலேயே எழுதியிருந்தேனே!

கடல் பக்கம் காட்டிய ஒரே கட்டடத்துக்கும் தண்ணீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கூட்டிப்போனீர்கள். அங்கே பல இடங்களில் கடல் ஏறும் நேரத்தில் மணலே இருக்காது, அலை நேராகத் தடுப்புச்சுவரில் வந்து மோதும். காலை நடைக்காகக் கடலோரம் போகிறவர் இரண்டு நேரத்திலும் பார்க்க வேண்டும். மாலையில் திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். "வேன் வேற கஸ்டமருக்கு" என்றார்கள். அதே நாளில் நிலப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் உரிமைப் பத்திரம் காட்டுவதாக அட்டவணை சொன்னது. மாதிரி வீட்டு ஏசியில் உட்காரவைத்து வீடியோ போட்டதோடு சரி.

அந்தக் கட்டடத்தின் நிலையும் பதிவாகட்டும். பால்கனியில் ஏசி வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. மேலே பால்கனித் தளத்தின் அடிப்பக்கம் பூச்சு பெயர்ந்து, கம்பி துருவேறித் தெரிந்தது. துரு பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். ஒரு பால்கனியில் தெரிந்தால் அந்த வரிசை முழுக்கச் சந்தேகப்பட வேண்டும். சரிசெய்யும் செலவு கட்டடத்தின் பொதுநிதியிலிருந்து வர வேண்டும், போதாவிட்டால் உரிமையாளர்கள் ஒவ்வொருவர் தலையிலும் விழும். பொதுநிதியில் எவ்வளவு இருக்கிறது, மாதப் பராமரிப்பு சதுர மீட்டருக்கு என்ன, பாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

உங்கள் விலைப்பட்டியலும் தவறு. பதிவுக் கட்டணம் 2%, வழக்கமாக இரு தரப்பும் பாதிப் பாதி. ஐந்து வருடத்துக்குள் விற்றால் வரும் 3.3% தொழில் வரி விற்பவருடையது. நீங்கள் இரண்டையும் முழுசாக எங்கள் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். கூடவே "வீடு வாங்கினால் விசா" என்று ஒரு வரி. கான்டோ வாங்கியதால் ஓய்வு விசா கிடைக்காது. 50 வயது ஆகியிருக்க வேண்டும், அங்குள்ள வங்கியில் 8,00,000 பாட் (தாய்லாந்து நாணயம்) போட்டு வைக்க வேண்டும் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். இவ்வளவையும் விட்டுவிட்டு ஒரே வரியில் முடிப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவது.

பணம் அனுப்பும் வழி என்று சொன்னது இன்னும் ஆபத்து. இங்கேயே ரூபாயை பாட்டாக மாற்றி உங்கள் கம்பெனிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னீர்கள். வெளிநாட்டவர் பெயரில் கான்டோ பதிவாக, பணம் அந்நியச் செலாவணியாகவே தாய்லாந்துக்குள் போய், அங்குள்ள வங்கி பாட்டாக மாற்றி, கான்டோ வாங்குவதற்கு என்று சான்று தர வேண்டும். இங்கேயே பாட்டாக்கினால் அந்தச் சான்று கிடையாது, பதிவும் கிடையாது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வங்கி 20% வரி பிடிக்கும், வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம். ஆனால் அனுப்பும் அன்று கையில் அந்த அளவுக்குக் கூடுதல் பணம் வேண்டும். உங்கள் செலவுப் பட்டியலில் இது எங்கே?

கடைசியாக அதே பிரதிநிதி ஒரு வில்லாவைக் காட்டி, உள்ளூர்க்காரர் பெயரில் 51% பங்கு போட்டு கம்பெனி ஆரம்பித்து நிலத்தோடு வாங்கலாம் என்றார். பினாமி வைத்து நிலம் வாங்குவது அங்கே குற்றம். நிலத்தை விற்கச் சொல்லி உத்தரவு வரும், சிறையும் உண்டு. ஓய்வுபெற்றவர்களை வழக்கில் மாட்டிவிடும் இந்த யோசனை உங்கள் நிறுவனத்தின் கொள்கையா, அந்த ஒருவரின் கைங்கரியமா?

உங்களால் எங்கள் ஓய்வுக்காலத் திட்டமே பாழாகிவிட்டது. வாழ்நாள் சேமிப்பை எடுத்துப் போட இருந்த நேரத்தில் நம்பிக்கையை அடியோடு அழித்துவிட்டீர்கள். இதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது. இருந்தாலும் நியாயமாகவே கேட்கிறேன். பேக்கேஜ் தொகை ரூ.1,85,000, மாதிரி வீட்டில் வற்புறுத்தி வாங்கிய முன்பணம் 50,000 பாட், இரண்டும் முழுசாகத் திரும்ப வேண்டும். "நிர்வாகக் கட்டணம்" என்று எதையும் கழிக்கக் கூடாது. அந்தப் பிரதிநிதியின் மன்னிப்புக் கடிதம் என் மனைவி பெயருக்கு வர வேண்டும்.

உங்கள் கிளையில் முதலில் பேசிய பெண் ஊழியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தயவுசெய்து இதை அந்த மரியாதையோடு முடித்துவையுங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போட முடியும், மன உளைச்சலுக்கு ரூ.10 லட்சம் சேர்த்துக் கேட்பேன். "5 நிமிடம்", "90 வருஷம்" என்ற விளம்பரங்கள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தனியாகப் போகும். உங்கள் மின்னஞ்சல்கள், வரைவு ஒப்பந்தம், விலைப்பட்டியல், பால்கனிப் படங்கள் எல்லாம் தேதியோடு என்னிடம் இருக்கின்றன.

பதில் எழுத்தில் மட்டும் வரட்டும். போனில் யாரும் கூப்பிட வேண்டாம், அந்தப் பிரதிநிதி கண்டிப்பாகக் கூப்பிடக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்