அந்த பெஞ்சுங்கள திருப்பிப் போடுங்க சார்: நகர நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையர் அவர்களுக்கும், நகர மையத்துக்கு உயிர் குடுக்கப் போறோம்னு திட்ட அறிக்கையில கையெழுத்துப் போட்ட அத்தன அதிகாரிகளுக்கும் வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், அதனால நீட்டி முழக்கல. சதுக்கத்துல இருந்த பெஞ்சு எல்லாத்தையும் போன வாரம் ராத்திரியோட ராத்திரியா பேத்து எடுத்துட்டுப் போயிட்டீங்க. ஏன்னு கேட்டா "கண்டவங்க வந்து உக்காந்துக்கறாங்க, கம்ப்ளெயின்ட் வருது"ன்னு பதில். பெஞ்சுல வந்து உக்காராம வேற என்ன சார் பண்ணுவாங்க? இதுல கூத்து என்னன்னா, அதே வாரம் அதே ஆபீஸ்ல இருந்து "நகர மையம் களையிழந்து கிடக்கு, மக்கள வரவைக்க ஐடியா குடுங்க"ன்னு அறிவிப்பு வேற. சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். என்கிட்ட இருக்கறது ஒரே ஐடியாதான். உக்கார இடம் குடுங்க.

எங்கப்பாவுக்கு முழங்கால் தேஞ்சு போச்சு. நடப்பாரு, ஆனா கொஞ்ச தூரத்துக்கு ஒருக்கா ரெண்டு நிமிஷம் உக்காந்தாத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். பெஞ்சு போனப்புறம் அவரக் கூட்டிட்டுப் போனேன். கால் கடுக்க ஆரம்பிச்சதும் ஒரு கடைப் படியில உக்காந்தாரு, செக்யூரிட்டி வந்து "பெரியவரே, இங்கல்லாம் உக்காரக் கூடாது"ன்னாரு, பாவம் அவரயும் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு அதான் வேல. பக்கத்துப் படியில உக்காரவே முடியாதபடி இரும்புக் கம்பி பதிச்சிருக்கு. சரின்னு நீங்க புதுசா கட்டுன பூந்தொட்டிச் சுவர்ல சாஞ்சாப்புல உக்கார வெச்சேன். அந்தச் சுவரோட மேல்பக்கத்த வேணும்னே சரிவா கட்டியிருக்கீங்க, யாரும் உக்காந்துடக் கூடாதாம். மனுஷன் ஒரு கையால தொட்டிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வழுக்க வழுக்க கால ஊனிக்கிட்டு, "பரவால்லப்பா, பரவால்லப்பா"ன்னு எனக்கு சமாதானம் சொல்றாரு. பாத்ரூம் போகணும்னாரு, அது பூட்டியிருக்கு, சாவி யார்கிட்ட இருக்குன்னு அங்க யாருக்கும் தெரியல. இப்பல்லாம் டவுனுக்குக் கிளம்பலாமான்னு கேட்டா "நீயே போய் வாங்கிட்டு வந்துடு"ங்கறாரு. ஒருத்தர் வராம போனா அவரோட கூட வர்ற மூணு பேரும் வரல, அந்த மூணு பேரும் ஏறி இறங்குற கடைங்களுக்கும் வியாபாரம் போச்சு. கர்ப்பிணிங்க, கைக்குழந்தக்காரங்க, கால்ல கட்டுப் போட்டவங்கன்னு இப்படி எத்தன பேர் சத்தமில்லாம நின்னுட்டாங்கன்னு உங்க அறிக்கையில ஒரு வரி இருக்கா?

"கண்டவங்க" பிரச்சனைக்கு வர்றேன். நியூயார்க்ல பிரையன்ட் பார்க்னு ஒண்ணு, 1980கள்ல போதைப்பொருள் விக்கிறவங்க கூடாரமாவே கிடந்துச்சு. அவங்க பெஞ்சப் பிடுங்கல. வேலியையும் புதரையும் வெட்டி தெருவுல இருந்து உள்ள தெரியற மாதிரி பண்ணாங்க, நுழைய வழி அதிகமாக்குனாங்க, யார் வேணா தூக்கி நகத்திப் போட்டுக்கற மாதிரி நாற்காலிங்கள நிறைய போட்டாங்க. 1992ல திருப்பித் திறந்தப்புறம் ஜனம் நிரம்பிப் போச்சு, ஜனம் நிரம்புன இடத்துல மத்ததெல்லாம் தானா ஒதுங்கிடுச்சு. இதுக்கு யோசன சொன்னவர் வில்லியம் வைட். 1970கள்லயே அந்த ஊர் சதுக்கங்கள்ல கேமரா வெச்சு மணிக்கணக்கா மக்களப் பாத்தவரு. அங்க 1961 விதிப்படி கட்டடத்துக்கு முன்னாடி சதுக்கம் விட்டா கூடுதலா மாடி கட்டிக்கலாம், கட்டுனவங்களும் விட்டாங்க, பல சதுக்கம் காத்து வாங்குச்சு. ஏன்னு பாத்தா பளபளன்னு கல்லு பதிச்சிருக்கே ஒழிய உக்கார ஒண்ணுமில்ல! கடைசில 1975ல உக்கார இடம் கட்டாயம்னு விதியையே திருத்துனாங்க. 2009ல அதே நியூயார்க்ல, டைம்ஸ் ஸ்கொயர்ல கார் போகாம ரோட்ட மூடி நடக்கறவங்களுக்கு விட்டப்ப நல்ல மேஜை நாற்காலி வந்து சேரல, அதுக்காக யாரும் காத்திருக்கல, கடையில கிடைச்ச சாதாரண மடக்கு நாற்காலிய நடுரோட்டுல போட்டுட்டாங்க. உங்களுக்கு டெண்டர் விடவே ரெண்டு வருஷம் ஆகும்னு தெரியும், அதனாலதான் சொல்றேன்.

வியாபாரிங்க எதிர்ப்பாங்கன்னு அடுத்து சொல்வீங்க. எதிர்ப்பாங்கதான். 1962ல டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல ஸ்ட்ரோகெட்ங்கற கடைத்தெருவுல கார் வரக் கூடாதுன்னு தடுத்தப்ப அங்கயும் கடைக்காரங்க வியாபாரம் படுத்துடும்னு சண்ட போட்டாங்க. இன்னிக்கு அந்த ஊருக்குப் போறவங்க முதல்ல நடக்கறதே அந்தத் தெருவுலதான்.

நீங்க என்ன பண்றீங்க? ஊர் பேர ஆளுயரத்துக்கு எழுதி செல்ஃபி பாயின்ட், திறப்பு விழா அன்னிக்கு மட்டும் பொங்குற செயற்கை நீரூற்று, பத்தடிக்கு ஒண்ணு கலர் லைட்டு. கன்சல்டன்ட் போட்டுக் காமிச்ச படத்துல பாருங்க, பலூன் பிடிச்ச கொழந்த, சிரிச்சுக்கிட்டு தாத்தா பாட்டி, எல்லாரும் எதுலயோ உக்காந்துக்கிட்டுத்தான் இருக்காங்க! படத்துல இருக்கற பெஞ்சு நெசத்துல எங்க சார் போச்சு? அதோட நிக்குதா, கடை மூடுனா தெருவே சுடுகாடு, ஏன்னா மேல்மாடி பூரா குடோனாவும் பூட்டுப் போட்டும் கிடக்கு, குடியிருக்க ஆளில்ல. மெல்போர்ன்ல 1992ல நகர மையத்துல வீடு கொண்டுவரணும்னே தனியா திட்டம் போட்டாங்க, ராத்திரி ஜன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சாத்தான் கீழ தெருவுல நடக்கறவங்களுக்குத் தைரியம். கடைசி பஸ்ஸ சீக்கிரம் எடுத்துடறீங்க, பார்க்கிங்குக்கு மட்டும் இடம் மேல இடம், காருக்கு நிழல் இருக்கு மனுஷனுக்கு இல்ல...

மன்னிக்கணும், கேக்க வந்தத விட்டுட்டு எங்கயோ போயிட்டேன். குடியிருப்பு, பஸ்ஸு எல்லாம் நாளாகும், புரியுது. இத மட்டும் இப்பவே பண்ணுங்கன்னு தாழ்மையோட கேட்டுக்கறேன். எடுத்த பெஞ்சுங்கள திருப்பிப் போடுங்க, அதுவும் வெயில்ல இல்ல, மரத்தடியில, சாஞ்சுக்க முதுகோட, எழுந்திருக்கும்போது ஊனிக்க கைப்பிடியோட. பஸ் ஸ்டாப்புக்கும் கடைத்தெருவுக்கும் நடுவுல நாலஞ்சு இடத்துல போடுங்க. அந்த சரிவுச் சுவர தட்டையாக்குங்க, கொத்தனாருக்கு அது பெரிய வேலையே இல்ல. பாத்ரூம கடைசி பஸ் கிளம்புற வரைக்கும் திறந்து வைங்க, சாவி யார்கிட்டன்னு கதவுலயே எழுதி ஒட்டுங்க. பிடுங்குன இடத்துல போல்ட்டு இன்னும் தரையில நீட்டிக்கிட்டு நிக்குது, பெஞ்சு வர்ற வரைக்கும் அதயாவது அறுத்து விடுங்க, யாராச்சும் தடுக்கி விழறதுக்குள்ள.

என்னிக்குள்ள முடியும்னு ஒரு தேதி சொன்னீங்கன்னா போதும்.

இப்படிக்கு,
நகர மையத்துக்கு இன்னும் நடந்தே வர்ற ஒருத்தன்