ஒரு 24 நொடியை வெட்டாமல் காட்டுங்கள்: தமிழ்ப் பட இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கு,

வணக்கம். நான் சேலத்துக்காரி. 2003 முதல் 2006 வரை இங்குள்ள ஒரு மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவளாக, ஆடினேன். இப்போது ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்தை வைத்து ஒரு படம் எடுங்கள். அதில் ஆடத் தெரிந்த பெண்களையே ஆடவிடுங்கள்.

கபடி, குத்துச்சண்டை, கால்பந்து, கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் நம் சினிமாவில் இடம் கிடைத்துவிட்டது. கல்லூரிக் கூடைப்பந்து என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது 2014இல் அறிவழகன் இயக்கி நகுல் நடித்த 'வல்லினம்' ஒன்றுதான். பழைய டீம் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து போய்ப் பார்த்தோம். தியேட்டரில் பந்து தரையில் அடிக்கும் சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. கிரிக்கெட்டுக்கு இருக்கிற மரியாதை ஒரு கல்லூரிக்குள் கூடைப்பந்துக்கு ஏன் இல்லை என்று அந்தப் படம் கேட்டது எங்கள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதன் படத்தொகுப்புக்காக சாபு ஜோசப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் அதில் ஆடுவது பையன்கள். வெளியே வரும்போது, "நம்ம கதைய யாரு எடுப்பாங்க?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் கொண்டுவருகிறேன்.

முதலில் கொலுசைப் பற்றிச் சொல்கிறேன். என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்தார். என் காலில் கிடந்ததும் அவர் கைவேலைதான். கூடைப்பந்து விதிப்படி நகை போட்டுக்கொண்டு ஆடக்கூடாது. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் காது, கழுத்து, கால் எல்லாம் பார்ப்பார். என் கொலுசின் திருகாணி இறுகிப்போய் லேசில் கழலாது. ஒருமுறை பென்ச்சில் இருந்த இரண்டு பேர் என் காலைப் பிடித்துக்கொண்டு திருகு திருகென்று திருகி, எல்லோரும் எனக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அம்மாவுக்கோ வயசுப் பெண் கொலுசில்லாத காலோடு ஊர் முன்னால் நிற்பது பிடிக்காது. அப்பா இதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் கொலுசை வாங்கிக்கொண்டு போனவர், திருகாணியை எடுத்துவிட்டுக் கொக்கி வைத்துக் கொண்டுவந்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும்.

விளையாட்டுப் படங்களில் வரும் அப்பாக்கள் ஒன்று குறுக்கே நிற்பார்கள், இல்லையென்றால் கடைசி ஆட்டத்துக்கு வந்து கூட்டத்தில் நின்று கண்கலங்குவார்கள். என் அப்பா என் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பட்டறையில் லீவு கிடைக்காது. கொக்கி வைத்துக் கொடுத்தார். இப்படி ஒரு அப்பாவை நான் திரையில் பார்க்க வேண்டும்.

அப்புறம் எங்கள் ஒன்பதாம் நம்பர். அந்தக் காலத்தில் சட்டை எண் 4 முதல் 15 வரைதான். 1, 2, 3 கிடையாது. நடுவர் விரலால் காட்டும் புள்ளிக் கணக்கோடு குழம்பும் என்பார்கள். ஒன்பதாம் நம்பரின் வேலை ஸ்கிரீன் போடுவது. ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என்னைத் துரத்திக்கொண்டு வரும் எதிரணிப் பெண்ணின் வழியில் போய், இரண்டு காலையும் ஊன்றி, கையை மார்போடு சேர்த்து, அசையாமல் நிற்க வேண்டும். வருகிறவள் வந்த வேகத்தில் அவள்மேல் மோதுவாள். அந்த நொடியில் நான் விலகி ஓடிப் போய்ப் பந்தைப் போடுவேன். புள்ளி எனக்கு, கைதட்டல் எனக்கு, அடி அவளுக்கு. கொஞ்சம் அசைந்துவிட்டால் பவுல், அதுவும் அவள் கணக்கில். ஆட்டம் முடிந்து ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால் என் எண்ணுக்குப் புள்ளிகள் இருக்கும், அவள் எண்ணுக்குப் பெரும்பாலும் பவுல் மட்டும்தான் இருக்கும். ஸ்கிரீனுக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

மூன்று வருடம் அப்படித்தான் நின்றாள். விலாவில் கன்றிப்போன தடம் இல்லாமல் அவள் எந்த டோர்னமென்டிலிருந்தும் வீடு திரும்பியதில்லை. ஒருநாள், "ஏண்டி, நாமளும் ரெண்டு பாயிண்ட் போடணும்னு உனக்குத் தோணாதா?" என்று கேட்டேன். அவள் அதற்குப் பதிலே சொல்லவில்லை. "நீ லெஃப்ட்ல போறப்ப அவசரப்படுற. நான் கால் ஊன்றதுக்குள்ள தாண்டிடுற. அரை செகண்ட் பொறு" என்றாள். அன்றிலிருந்து நான் பொறுத்தேன். அந்த அரை நொடியில் என் ஆட்டமே மாறிப்போனது.

படத்தில் கேமரா எப்போதும் பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்து கூடைக்குள் விழுவதை நாலு கோணத்தில், மெதுவாக்கிக் காட்டுகிறீர்கள். ஒன்பதாம் நம்பர் நிற்பது அதில் எங்கேயும் தெரியாது. வெட்டி வெட்டி ஒட்டினால் பந்து பிடிக்கத் தெரியாதவரையும் ஆட்டக்காரராகக் காட்டிவிடலாம், அது உங்கள் திறமை. எனக்கு வேண்டியது வேறு. ஒரே ஒரு 24 நொடியை வெட்டாமல் காட்டுங்கள். பந்து கைக்கு வந்ததும் 24 நொடிக்குள் கூடையைப் பார்த்து எறிந்தாக வேண்டும், அதில் எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். எங்கள் மண்டலப் போட்டிகளில் மின்னுகிற கடிகாரமெல்லாம் கிடையாது. மேசையில் இருப்பவர் கையில் ஒரு ஸ்டாப் வாட்ச், கடைசி ஐந்து நொடியை அவரே கத்துவார். அதற்குள் ஒரு பாஸ், ஒரு ஏமாற்று, இடது பக்கம் ஒரு ஸ்கிரீன், இன்னொரு பாஸ், ஒரு ஷாட். பத்துப் பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது அந்த 24 நொடியில் முழுசாகத் தெரியும். இதை நடித்துக் காட்ட முடியாது. மூன்று மாதப் பயிற்சியிலும் வராது. அதனால்தான் ஆடுகிற பெண்களைக் கூப்பிடுங்கள் என்கிறேன். நடிப்பை அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இடம் தேடி நீங்கள் அலையவும் வேண்டாம். சேலத்துக்குச் சினிமா புதிதல்ல. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. தமிழின் முதல் முழு வண்ணப் படம் 1956இல் வந்ததும் அங்கிருந்துதான். அந்தச் சாலையிலேயே நேராகப் போனால் மலை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு.

அங்கே ஒரு பள்ளி கோர்ட்டில் நாங்கள் ஒரு நட்பு ஆட்டம் ஆடினோம். வேனில் இரண்டு பேர் வாந்தி எடுத்தபடிதான் போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது குவார்ட்டரில் மூடுபனி இறங்க ஆரம்பித்தது. முதலில் எதிர்ப்பக்கத்துக் கூடை மறைந்தது, அப்புறம் எங்கள் பக்கத்துக் கூடையும். நிறுத்திவிடலாமா என்று நடுவர் கேட்டார். இரண்டு அணியும் வேண்டாம் என்றோம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பந்தை வாங்கினோம். எறிந்த பிறகு எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். போர்டில் பட்டால் டொம்மென்று ஒரு சத்தம், ரிங்கில் பட்டால் ணங்கென்று ஒன்று, நேராக வலைக்குள் போனால் ஈரத் துணியை உதறின மாதிரி ஒன்று. பார்க்காமல் கேட்டே புள்ளி எண்ணினோம். இரண்டு புள்ளியில் தோற்றோம். அத்தனை ஆட்டம் ஆடியும் இந்த ஒன்றுதான் எனக்குக் கனவில் வருகிறது. நீங்கள் புகை போட்டு எடுக்கிற பனி அந்த மலையில் சும்மா கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியாக இருந்த சென்னை அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது என் மாணவிகளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அவர் வாழ்க்கையை யாராவது படமாக எடுத்தால் முதல் நாளே போய்ப் பார்ப்பேன். ஆனால் எங்கள் அணியின் பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்குக் கடைசி வருடத் தேர்வோடு பந்து நின்றுபோனது. யாரும் தடுக்கவில்லை, சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஆட ஒரு இடமும் கூட ஆட நாலு பேரும் இல்லாமல் போனார்கள், அவ்வளவுதான். கோப்பையைத் தூக்குகிற காட்சியோடு படத்தை முடிக்காமல், அதற்கடுத்த ஜூன் மாதத்தையும் ஒரு பத்து நிமிடம் காட்டுங்கள். என் பள்ளியில் இப்போது பந்தைத் தொட்டிருக்கும் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும். அவர்களுடைய வீட்டில் இருப்பவர்களும் பார்க்க வேண்டும்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நடக்கிற நாளில் ஒருமுறை சேலத்துக்கு வாருங்கள். டிக்கெட் கிடையாது. காலையிலேயே வந்துவிட்டால் வெயில் ஏறுவதற்குள் இரண்டு ஆட்டம் பார்த்துவிடலாம். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுக்கிறேன். ஒன்பதாம் நம்பர் இப்போது அம்மாப்பேட்டையில்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். உங்கள் படத்துப் பெண்களுக்கு ஸ்கிரீன் போடச் சொல்லித்தர வருவாயா என்று போன வாரம் கேட்டேன். "காலைல பசங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வரேன்" என்றாள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பாயிண்ட் கார்டு,
சேலம்.